ஜோத்பூர் மலைக்குப் போன ஜவ்வரிசி

ஜவ்வரிசி எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. பாயசத்தில் அதைத் தின்று வளர்ந்தவர்களிலேயே பலர், அது ஏதோ ஒரு பயிரின் மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் பருத்த மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுக்க வேண்டும். பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை உருட்ட வேண்டும். உருட்டியதை வறுத்து வெயிலில் காய வைத்தால் ஜவ்வரிசி. மண் பாதி வேலையைச் செய்கிறது. மீதிப் பாதியை மனிதக் கையும் தண்ணீரும் வெயிலும் செய்கின்றன.

சேலம் ரயில் சந்திப்பு இருக்கும் சூரமங்கலத்தை ஒட்டியதுதான் ஜாகீர் அம்மாபாளையம். சேகோசர்வ் என்று ஊரே அழைக்கும் ஜவ்வரிசி, மாவு உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளிலிருந்து மூட்டைகள் அதன் கிடங்குகளுக்கு வந்து சேர்கின்றன. விற்பனை முடிந்ததும் மறுபடி லாரி ஏறுகின்றன. அவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் தங்குவதில்லை. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வடக்கே போய்விடுகிறது. நமக்குப் பாயசமும் வடகமும் ஆகிற பண்டம், அங்கே விரத நாளின் சாப்பாடு.

ஒரு பண்டத்தின் வாழ்க்கையை எழுத வேண்டுமென்றால் அது உண்ணப்படும் இடம்வரை போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு நான் தேர்ந்தெடுத்த ஊர் தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் ஜோத்பூர். 1459-இல் அந்த நகரம் தொடங்கிய இடம் இன்றும் அப்படியே ஒரு பாறை மலையாக நிற்கிறது. மலைமேல் மெஹ்ரான்கட் கோட்டை. கோட்டையின் தென்கோடியில் சாமுண்டா தேவி கோயில். நவராத்திரிக்கு விரதமிருப்பவர்கள் ஏறி வருவது அந்தக் கோயிலுக்குத்தான். சேலத்துக் கரட்டு நிலத்தில் தொடங்கும் பயணம் முடிய அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கடல் தாண்டி வந்த குச்சி

இந்தப் பயணம் உண்மையில் சேலத்திலும் தொடங்கவில்லை. மரவள்ளியின் தாய்நிலம் தென்அமெரிக்கா. அமேசான் காட்டின் தெற்கு விளிம்பில், இன்றைய பிரேசில் பகுதியில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதைப் பயிராக்கிவிட்டார்கள். அதன் சாற்றில் நஞ்சு உண்டு. அரைத்து, அலசி, பிழிந்து, சுட்டு அந்த நஞ்சை நீக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர்களும் அந்தக் காட்டு மக்களே. சேலத்து ஆலையில் இன்று நடக்கும் அரைப்புக்கும் அலசலுக்கும் மூலம் அவர்களுடைய அறிவு.

போர்ச்சுகீசியக் கப்பல்கள் மரவள்ளிக் குச்சியை ஆப்பிரிக்காவுக்கும் பிறகு நம் மேற்குக் கடற்கரைக்கும் கொண்டுவந்தன. நெடுங்காலம் அது தோட்டத்து ஓரப் பயிராகவே இருந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். அதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியிருந்தது. சேலம் மாவட்டமும் அதில் ஏராளமான உயிர்களை இழந்தது. பிறகு இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, கேரளத்து மக்களைத் தாங்கியது மரவள்ளிதான்.

சேலம், நாமக்கல் விவசாயிகள் இதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். விதை தேவையில்லை, அறுவடை முடிந்த செடியின் தண்டை வெட்டிக் கரணையாக நட்டால் போதும். எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு தயார். மழை பொய்த்தால் நெல் கருகிவிடும். குச்சிக்கிழங்கு இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். ஈரம் கண்டதும் மறுபடி துளிர்க்கும். செம்மண் கரடு, கிணற்றுப் பாசனம், நம்ப முடியாத மழை என்று இருக்கும் இந்தச் சமவெளியில் இப்படிப்பட்ட பயிர்தான் தாங்கும். 1934-இல் மேட்டூர் அணை சேலம் மாவட்டத்திலேயே எழுந்தாலும், அதில் தேங்கும் காவிரி பெரும்பாலும் கீழே தஞ்சைக்கே பாய்கிறது. ஆத்தூர், கெங்கவல்லி, ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்கள் வானத்தையும் கிணற்றையும் பார்த்துத்தான் இருக்கின்றன.

போர் தந்த தொழில்

போருக்கு முன் இந்தியச் சந்தையில் விற்ற ஜவ்வரிசி கப்பலில் வந்தது. மலேயா, ஜாவா பக்கத்துத் தீவுகளில் சாகோ பனையின் தண்டுக்குள் இருக்கும் மாவிலிருந்து அதைச் செய்தார்கள். பினாங்கு, சிங்கப்பூர்ப் பகுதிகளில் மரவள்ளி மாவிலும் செய்தார்கள். போர் கடல்வழியை அடைத்தபோது அந்த வரத்து நின்றுபோனது.

1943-இல் சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்ற வணிகர், வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். போபட்லாலுக்கு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி உருட்டும் தொழில் தெரியும். மாணிக்கம் செட்டியாருக்குச் சேலத்து மண்ணும் சந்தையும் தெரியும். இருவரும் சேர்ந்து மிக எளிய கருவிகளோடு சேலத்தில் தொழிலைத் தொடங்கினார்கள். ஒரு சேலத்து வணிகரும் பினாங்கிலிருந்து வந்த ஒருவரும் சேர்ந்து, அமேசான் கிழங்கில், மலேயா தொழில்முறையைச் செய்து பார்த்ததில் பிறந்ததுதான் சேலத்து ஜவ்வரிசி.

தொடக்கம் சுலபமாக இல்லை. 1944-இல் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. மக்கள் நேரடியாகச் சாப்பிடக்கூடிய கிழங்கை ஆலையில் அரைக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் தடை விதித்தார். தொழில் செய்தவர்கள் மேலே முறையிட்டு அனுமதி பெற்றார்கள். பஞ்ச காலத்தில் ஓர் ஆட்சியர் அப்படி யோசித்ததில் தவறில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பசிக்கும் பணப்பயிருக்கும் இடையிலான இழுபறியை இந்தக் கிழங்கு அன்று முதல் சுமந்து வருகிறது.

தொழில் வளர வளர விற்பனை பெரும் சிக்கலானது. ஆலை முதலாளிக்குக் கிழங்கு வாங்கக் கைப்பணம் வேண்டும், மூட்டையை வைக்கக் கிடங்கு வேண்டும். இரண்டும் இல்லாதவர் இடைத்தரகர் சொன்ன விலைக்கே விற்றார். அதை மாற்றத்தான் 1981-இல் சேகோசர்வ் பதிவானது. சரக்கைத் தரம் பார்த்து, கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் கொடுத்து, வணிகர்கள் தரும் ஒப்பந்தப் புள்ளிகளில் கூடுதல் விலைக்கு விற்றுக் கொடுப்பது அதன் வேலை. ஒரு மூட்டை 90 கிலோ. வடக்கே எந்தச் சந்தையில் கேட்டாலும் அந்தக் கணக்கு தெரியும். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைக்குள்

கிழங்கு லாரி ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது பாயின்ட். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று எடைபோட்டுக் கணிக்கும் அளவு அது. பாயின்ட் கூடினால் டன்னுக்கு விலை கூடும். ஒரு வருஷ உழைப்பு எத்தனை பாயின்டில் நிற்கிறது என்று பார்க்கக் காத்திருக்கும் விவசாயியின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள், ஜவ்வரிசியைச் சாதாரணப் பண்டமாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து கிழங்கைக் கழுவித் தோலுரிப்பார்கள். இயந்திரங்கள் வந்த பிறகும் பல ஆலைகளில் கத்தியோடு வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுபவர்கள் பெண்கள். உரித்த கிழங்கு அரவை இயந்திரத்துக்குப் போகும். அரைபட்டதன்மேல் தண்ணீர் விட்டுச் சலிக்கும்போது பால் தனியாகவும், நார்ச் சக்கை தனியாகவும் பிரியும். அந்தச் சக்கைதான் திப்பி. காய்ந்த திப்பி மாட்டுத் தீவனத்துக்கும் வேறு வேலைகளுக்கும் விலைபோகும். தோலும் வீணாகாது.

பால் தொட்டிகளில் பல மணி நேரம் அசையாமல் நிற்கும். மாவு அடியில் படியும். மேல் தண்ணீர் வெளியே போகும். படிந்த ஈர மாவை வெட்டியெடுத்து, உதிர்த்து, துணித்தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட மாவு தானே உருண்டு மணியாகும். சல்லடையில் ஒரே அளவு மணிகளைப் பிரித்து எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்தால் அது சாதாரண ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. இரண்டையும் கடைசியில் சிமென்ட் களத்தில் பரப்பி வெயிலில் காயப் போடுவார்கள். மழை வந்தால் அன்றைய உழைப்பு நனைந்துவிடும். கிழங்கு மழையைக் கேட்கிறது. களம் வெயிலைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் ஆலை வேலை நடக்கிறது.

தண்ணீரைப் பற்றி இங்கே மறைக்காமல் சொல்லியாக வேண்டும். குறைந்த நீரில் வளரும் கிழங்குக்கு, ஜவ்வரிசி ஆவதற்குள் ஏராளமான நீர் செலவாகிறது. வெளியே வரும் கழிவுநீர் புளித்து நாறும். சுத்திகரிக்காமல் விட்டால் ஓடையையும் கிணற்றையும் கெடுக்கும். அந்தப் பாதிப்பை அனுபவித்த கிராமங்கள் இந்தச் சமவெளியில் உண்டு. அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து எரிவாயு எடுத்து, அந்த வாயுவையே ஆலை எரிபொருளாக்கும் முறையும் இங்கே வந்துவிட்டது. அதை எல்லா ஆலைகளும் செய்ய வேண்டும்.

பயிருக்கும் ஆபத்துகள் உண்டு. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் நெடுநாள் எதிரி. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட புதிய மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் தோட்டங்களுக்குள் புகுந்து குருத்துகளைச் சுருட்டியது. மரவள்ளியைப் போலவே இந்தப் பூச்சிக்கும் தாய்வீடு தென்அமெரிக்கா. ஆப்பிரிக்காவில் முன்பு இதே பூச்சியை அடக்கியது ஒரு சின்னஞ்சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அதை பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் பூச்சி ஆய்வு நிறுவனம் தருவித்து வளர்த்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்டது. கிழங்கும் அதன் பகையும் அந்தப் பகைக்குப் பகையும் வெவ்வேறு காலத்தில் மூன்று கண்டங்களைச் சுற்றி ஒரே தோட்டத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

வடக்கே

லாரி நாமக்கல், சங்ககிரி மக்களின் தொழில். நாடு முழுவதும் சாலை அறிந்தவர்கள் அவர்கள். ஜவ்வரிசி மூட்டைகள் சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, பெங்களூரு, புனே, அகமதாபாத் வழியாக ராஜஸ்தானுக்குள் நுழைகின்றன. சிரோஹி, பாலி தாண்டி ஜோத்பூர் சேரும்போது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். வழியில் மண்ணின் நிறம் சிவப்பிலிருந்து கறுப்பாகி, பிறகு வெளிறிய மஞ்சளாகிறது. புளியமரங்கள் மறைந்து, வறண்ட வயல்களின் நடுவே கேஜ்ரி மரங்கள் தனித்தனியே நிற்கத் தொடங்குகின்றன. நம் ஊரில் அதை வன்னி என்போம்.

ஜோத்பூர்ப் பழைய நகரின் நடுவில் மணிக்கூண்டு. அதைச் சுற்றிச் சர்தார் மார்க்கெட். மிளகாய், சீரகம், வெந்தயம், பருப்பு என்று குவிந்திருக்கும் கடைகளில் ஜவ்வரிசிச் சாக்கும் வாய் திறந்து நிற்கிறது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். ஒரு பிடி அள்ளிக் காட்டி, "சேலம் மால்" என்றார், அதற்கு மேல் உத்தரவாதம் தேவையில்லை என்பதுபோல. சேலத்துக்கு அவர் போனதில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் வாடிக்கையாளரிடம் தரம் பேசுகிறார்.

பறவைகளின் மலை

ஜோத்பூரின் கதை 1438-இல் சித்தூரில் தொடங்குகிறது. ஜோத்பூர்ப் பகுதியான மார்வாரின் தலைவர் ராவ் ரண்மல் அங்கே கொல்லப்பட்டார். அவருடைய மகன் ஜோதா உயிர்தப்பி ஓடினார். தலைநகர் மண்டோர், சித்தூரை ஆண்ட மேவார்க்காரர் கைக்குப் போனது. ஜோதா பல ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்தார். அந்த அலைச்சலைப் பற்றி மார்வாரில் ஒரு கதை சொல்வார்கள். பசியோடு ஒரு குடிசைக்கு வந்த ஜோதாவுக்கு ஒரு விவசாயப் பெண் சூடான கூழ் கொடுத்தாள். அவர் நடுவில் கைவிட்டுச் சுட்டுக்கொண்டார். ஆளை அறியாத அவள், "நீயும் ஜோதா மாதிரியே செய்கிறாயே! ஓரத்திலிருந்து சாப்பிட்டு வர வேண்டும்" என்றாளாம். அதன்பிறகு ஜோதா மண்டோரை நேரடியாகத் தாக்காமல், சுற்றியிருந்த சிறு கோட்டைகளை முதலில் பிடித்தார். 1453-இல் மண்டோர் மீண்டும் அவர் கைக்கு வந்தது. ஒரு ராஜ்யம் திரும்பக் கிடைத்த கதையில் ஒரு கிண்ணம் கூழும் அதை ஊற்றிய கையும் இடம்பெற்றிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மண்டோர் பாதுகாப்பான இடமில்லை என்று ஜோதாவுக்குப் புரிந்துவிட்டது. அதற்குத் தெற்கே சுமார் 9 கிலோமீட்டரில், சமவெளியிலிருந்து 120 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் ஒரு பாறை மலையைத் தேர்ந்தெடுத்தார். பறவைகளின் மலை என்று அதற்குப் பெயர். 1459 மே 12 அன்று கோட்டைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நகரமும் அந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

மலையில் அப்போது ஒரே ஒரு மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தார் என்கிறது மரபுக்கதை. பறவைகளோடு வாழ்ந்த சீரியாநாத் என்ற துறவி. கோட்டைக்காக அவரை வெளியேறச் சொன்னார்கள். அவர் கோபத்தோடு, இந்த ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் ஓயாது என்று சபித்துவிட்டுப் போனார். சாபத்தைத் தணிக்க ஜோதா துறவிக்கு இருப்பிடமும் கோயிலும் கட்டினார். அதுவும் போதாது என்று, ராஜாராம் மேக்வால் என்பவர் தாமாக முன்வந்து அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்கிறார்கள். அவருடைய குடும்பத்துக்கு நிலம் கொடுக்கப்பட்டது. கோட்டைக்குள் அவர் பெயரைச் சொல்லும் நினைவுக்கல் இருக்கிறது. மேக்வால்கள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். தாமாக வந்தார் என்று சொல்லும் கதையை, அந்தக் கல்லின் முன் நிற்கும்போது என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அரசர் கேட்டால் மறுக்கக்கூடிய நிலையில் அவர் இருந்தாரா? கோட்டை அருங்காட்சியகத்தின் பல்லக்குகளையும் வாள்களையும் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும்.

1460-இல் ஜோதா மண்டோரிலிருந்து சாமுண்டா தேவியின் சிலையைக் கொண்டுவந்து கோட்டையில் வைத்தார். மண்டோரை முன்பு ஆண்ட பரிஹாரர்களின் தெய்வம் அவள். ஜோதாவின் குலத்தாரான ராத்தோர்கள் அவளைத் தங்கள் தெய்வமாக ஏற்றுக்கொண்டார்கள். 1857-இல் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது கோயில் சிதைந்தது. மகாராஜா தக்த் சிங் காலத்தில் மீண்டும் எழுந்தது. 2008 செப்டம்பர் 30, நவராத்திரியின் முதல் நாள் அதிகாலை. கோயிலுக்கு ஏறும் குறுகலான வழியில் நெரிசல் ஏற்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் இளைஞர்கள். இன்று அந்த ஏற்றத்தில் தடுப்புக் கம்பிகளுக்கு இடையே மக்கள் வரிசையாக, மெதுவாக நடக்கிறார்கள். அந்த வரிசையில் நடந்தபோது, அந்த உயிர்களின் நினைப்பு விலகவில்லை.

தரிசனம் முடிந்து இறங்குபவர்கள் வீட்டுக்குப் போய் விரதச் சாப்பாடு சாப்பிடுவார்கள். நவராத்திரி விரதத்தில் அரிசி, கோதுமை, கம்பு முதலிய தானியங்களைத் தொடக் கூடாது, கிழங்குக்குத் தடையில்லை. ஊறவைத்த ஜவ்வரிசியோடு வறுத்து இடித்த நிலக்கடலை, சீரகம், பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு, இந்துப்பு சேர்த்து நெய்யில் கிளறினால் சாபுதானா கிச்சடி. ராஜஸ்தானில் நிலக்கடலை ஏராளமாக விளைகிறது. உருளைக்கிழங்கும் மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியைப் போலவே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. ஜோதா மலையில் அடிக்கல் நாட்டிய நாளில் இந்தத் தட்டில் இருப்பவற்றில் பலவற்றை இந்தியாவில் யாருமே கண்டதில்லை. இன்று அவை இல்லாமல் அந்த மலையின் தெய்வத்துக்கு விரதம் இல்லை.

சாபத்துக்கு மறுமொழி

துறவியின் சாபத்தை ஜோத்பூர் ஒரு பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்டது என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 36 சென்டிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் ஊர். கோட்டைக்கு அடிக்கல் நாட்டிய காலத்திலேயே ஜோதாவின் ராணி ஜஸ்மாதே ஹாடி, மலையடியில் ராணிசர் ஏரியை வெட்டினார். பக்கத்தில் பத்மசர் ஏரி. சுற்றியுள்ள பாறைகளில் விழும் மழையை ஏரிக்குக் கொண்டுவரப் பாறையைக் குடைந்து வாய்க்கால்கள் வெட்டினார்கள். நகருக்குள் படிக்கிணறுகள் இறங்கின. கடைசியில், பஞ்சாபில் சட்லெஜும் பியாசும் கூடுமிடத்திலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் கிளை நீரேற்றங்கள் வழியாக ஜோத்பூரை எட்டியது. இமயத்துப் பனி உருகிய நீரை இன்று அந்த நகரம் குடிக்கிறது.

கோட்டையின் அடிவாரத்தில் 2006-இல் தொடங்கிய ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது. 72 ஹெக்டேர் எரிமலைப் பாறை. அங்கே எதை அகற்றினார்கள் என்று கேட்டால் தமிழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: சீமைக்கருவேலம். கடந்த நூற்றாண்டில் மார்வாரிலும் அதைப் பசுமைக்காகப் பரப்பினார்கள். அது பாறையெங்கும் வேர்விட்டு உள்ளூர்ச் செடிகளை ஒழித்தது. பூங்காவை உருவாக்கிய பிரதீப் கிருஷன் குழுவினர் அதன் வேரைப் பிடுங்க, கல்வெட்டும் குடும்பங்களின் உதவியை நாடினார்கள். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே பாறையின் தன்மையை அறிந்து துளையிடுபவர்கள் அவர்கள். வேரோடு மரம் அகற்றப்பட்ட குழிகளில் பாலைவனத்தின் சொந்தச் செடிகளை நட்டார்கள்.

சீமைக்கருவேலமும் மரவள்ளியும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இரண்டுமே வறட்சியைத் தாங்குபவை. ஒன்று வந்த இடத்தை விழுங்கியது. மற்றொன்று வந்த இடத்துக்குச் சோறு போட்டது. வந்தது என்பதால் ஒன்று கெட்டதும் ஆகாது, நல்லதும் ஆகாது. மரவள்ளியை ஒவ்வொரு வருஷமும் ஒரு மனிதர் குச்சி வெட்டி நட வேண்டும், பிடுங்க வேண்டும், நஞ்சு நீக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு கை அதைப் பார்த்துக்கொள்கிறது. சீமைக்கருவேலத்தை விதைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வித்தியாசம் அந்தக் கவனிப்பில் இருக்கிறது.

தொடங்கிய இடம் என்பது

ஒரு பழைய நகரம் தோன்றிய இடத்துக்குப் போகிறவர்கள் அங்கே மாறாத ஏதோ ஒன்றைத் தேடுகிறார்கள். மெஹ்ரான்கட்டில் நான் கண்டதெல்லாம் வந்து சேர்ந்தவை. தெய்வம் மண்டோரிலிருந்து வந்தது. அரச குடும்பம் தப்பி ஓடி அலைந்து வந்தது. தண்ணீர் பஞ்சாபிலிருந்து வருகிறது. விரதச் சோறு சேலத்திலிருந்து வருகிறது. அதன் கிழங்கு பிரேசிலிலிருந்து வந்தது, உருட்டும் வித்தை பினாங்கிலிருந்து வந்தது. 1459 மே 12 ஒரு தொடக்க நாள்தான். தண்ணீர் இல்லாத மலைமேல் கட்டிய ஊரை ஒவ்வொரு பருவத்திலும் யாராவது மறுபடி நிறுவ வேண்டியிருக்கிறது. அப்படி நிறுவுபவர்களின் வரிசையில் ஏரி வெட்டியவர்களும், கால்வாய் தோண்டியவர்களும், சங்ககிரி லாரி ஓட்டுநர்களும், கத்தியோடு உட்கார்ந்து கிழங்கு சீவும் பெண்களும் இருக்கிறார்கள்.

இது வெறும் பெருமைப் பேச்சாக நின்றுவிடக் கூடாது. சேலம் ஜவ்வரிசிக்கு இன்று ஊர்ப் பெயர் சட்டப்படி பாதுகாக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெயரைக் கெடுப்பவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மக்காச்சோள மாவு கலப்பதும், வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பதும் உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபடும் குற்றங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் நாள் முழுக்கப் பட்டினி இருந்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வாயில் வைக்கும் உணவில் கலப்படம் செய்வது வியாபாரத் தந்திரம் இல்லை, நம்பிக்கைத் துரோகம்.

பாயின்ட் கணக்கில் விவசாயிக்குச் செலவு போக மிஞ்சும் விலை, தோல் சீவும் பெண்களுக்கு நியாயமான கூலி, ஓடைக்குச் சுத்தமான நீர் என்ற மூன்றும் ஜவ்வரிசியின் தரத்தில் சேர்ந்தவை என்று சேலம் முடிவுசெய்ய வேண்டும். பாலைவன நகரம் தன் அடித்தளத்தில் புதைந்த மனிதருக்கு ஒரு கல்லாவது நட்டது. நம் தொழிலின் அடித்தளத்தில் இருப்பவர்கள் உயிரோடு, நம் கண்முன் உழைக்கிறார்கள். அவர்களுக்குக் கல் வேண்டாம். சேர வேண்டிய கூலியும் விலையும் இந்தப் பருவத்திலேயே சேர்ந்தால் போதும்.